சிறையிலிருந்து உளநலச் சிகிச்சைக்கு மாற்றப்படுபவரின் உரிமைகள்: யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் உங்கள் பிள்ளையோ கணவரோ சகோதரமோ ஏற்கெனவே உளநோய்க்கு மருந்து எடுப்பவராக இருக்கலாம். அல்லது உள்ளே போன பிறகு ஆளே மாறிப்போனது போல உங்களுக்குத் தெரியலாம். இது உங்களுக்காக எழுதியது. என் தம்பிக்காகச் சிறை, ஆஸ்பத்திரி, நீதிமன்றம் என்று அலைந்து தெரிந்துகொண்டவை இவை. மூன்று இடங்களிலும் உதவும் மனமுள்ளவர்கள் இருந்தார்கள். ஆனால் ஓரிடத்தில் எழுதிய தாள் மற்ற இடத்துக்குத் தானாகப் போய்ச் சேரவில்லை. டொக்டர் எழுதியது நீதவானுக்குத் தெரியாது. நீதவான் போட்ட கட்டளை வாட்டில் இருக்கும் மிஸிக்குத் தெரியாது. அந்தத் தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் குடும்பத்தின் பெரிய வேலை.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்த கைதியும் ஒரு நோயாளிதான். வெளியே போகும் சுதந்திரம் மட்டும்தான் அவரிடம் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கிடைக்கும் சிகிச்சையும் மரியாதையும் அவருக்கும் கிடைக்கவேண்டும். இதை யாரும் உங்களுக்குச் செய்யும் தயவாக நினைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

1. எந்தக் கட்டளையில் உள்ளே இருக்கிறார் என்று பாருங்கள்

மற்ற எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது. வழக்கு முடியாமல் விளக்கமறியலில் இருக்கிறாரா, தண்டனை பெற்றவரா, உளநிலையைப் பரிசோதிக்கும்படி நீதிமன்றம் அனுப்பியவரா, அல்லது சம்பவம் நடந்தபோது சித்த சுவாதீனம் இல்லாதிருந்தார் என்று தீர்ப்பாகித் தடுத்து வைக்கப்பட்டவரா? விளக்கமறியல் கைதிக்கு நீதவானிடம் கேட்கலாம். தண்டனைக் கைதி என்றால் முதலில் சிறை அத்தியட்சகரிடமும் சிறை வைத்தியரிடமும் போகவேண்டும்.

வழக்கு இலக்கம், நீதிமன்றத்தின் பெயர், அடுத்த தவணைத் திகதி ஆகிய மூன்றையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். யாழ்ப்பாணத்தில் பிடிபட்டவரின் வழக்கு யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றத்தில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பிடித்த பொலிஸ் நிலையத்தைப் பொறுத்து மல்லாகம், சாவகச்சேரி, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை என்று மாறும். நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்தால் என்ன சந்தேகத்தில் பிடித்தார்கள் என்று சொல்லிப் பொலிஸார் தாக்கல் செய்த பி அறிக்கையின் சான்றுப்படுத்திய பிரதி கிடைக்கும். பக்கக் கணக்கில் சிறு கட்டணம்தான். சட்டத்தரணி மூலம் கேட்டால் இன்னும் இலகு.

2. கிளினிக் கொப்பியை அன்றைக்கே கொண்டுபோங்கள்

கைதான முதல் இரண்டு நாட்களில் மருந்து நின்றுபோவதுதான் பெரிய ஆபத்து. வீட்டிலிருந்து மாத்திரையைக் கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். சாப்பாட்டுப் பொதிக்குள் ஒளித்துக் கொடுப்பது அதைவிட மோசம். அது உங்கள் மேலேயே இன்னொரு வழக்காக வரும். மருந்து சிறை வைத்தியர் மூலமாகத்தான் போகவேண்டும்.

கொண்டுபோகவேண்டியவை: கிளினிக் கொப்பி முழுவதின் போட்டோகொப்பி, கடைசி டிஸ்சார்ஜ் துண்டு, இப்போது எடுக்கும் மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும் எழுதிய ஒரு தாள், ஒவ்வாமை இருந்தால் அது. மூலக் கொப்பியை எவரிடமும் கொடுக்கவேண்டாம். ஒரு பிரதி சிறைக்கு, ஒன்று சட்டத்தரணிக்கு, ஒன்று வீட்டில். சிறையில் கொடுக்கும்போது யாரிடம், எந்தத் திகதியில் கொடுத்தீர்கள் என்பதைக் குறித்து, முடிந்தால் உங்கள் பிரதியில் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

சில மருந்துகளைப் பற்றிக் குறிப்பாகச் சொல்லவேண்டும். குளோசபைன் எடுப்பவர் 48 மணித்தியாலத்துக்கு மேல் அதைத் தவறவிட்டால் பழைய அளவில் மீண்டும் தொடங்கக்கூடாது. குறைந்த அளவிலிருந்து படிப்படியாக ஏற்றவேண்டும். புதிதாகத் தொடங்கியவருக்கு முதல் 18 வாரங்களும் வாராவாரம் இரத்தப் பரிசோதனை தேவை. லித்தியம் எடுப்பவருக்குத் தண்ணீர் குறைந்தாலும் வயிற்றோட்டம் வந்தாலும் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, தடுமாற்றம் என்று கேள்விப்பட்டால் உடனே சொல்லுங்கள். மாதாந்த ஊசி போடுபவர் என்றால் அடுத்த ஊசித் திகதியை அந்தத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மாத்திரை இல்லாதவர் மருந்தே எடுப்பதில்லை என்று உள்ளே நினைத்துவிடுவார்கள்.

3. ஆஸ்பத்திரிக்கு மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள்

வாய்ச்சொல் எங்கேயும் பதிவாவதில்லை. ஒரு பக்கக் கடிதம் போதும். தமிழிலேயே எழுதலாம். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. கடிதம் இப்படி இருக்கலாம்:

“யாழ்ப்பாணச் சிறைச்சாலை அத்தியட்சகர் அவர்களுக்கு. இன்ன வழக்கு இலக்கத்தில் விளக்கமறியலில் உள்ள இன்னார் எனது தம்பி. இவர் இன்ன வைத்தியசாலையில் இன்ன ஆண்டிலிருந்து உளநலச் சிகிச்சை பெறுகிறார். இன்ன திகதி பார்க்கச் சென்றபோது உணவு உண்ணாமலும், தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கூறிக்கொண்டும் இருந்தார். உளநல வைத்திய நிபுணரிடம் உடனடியாகக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். கிளினிக் கொப்பியின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது.”

“மனநிலை சரியில்லை” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கண்ணால் கண்டதை எழுதுங்கள்: எத்தனை நாள் நித்திரை இல்லை, யாரோடு பேசுகிறார், உங்களை அடையாளம் கண்டாரா. சாகவேண்டும் என்று சொன்னால் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, “தற்கொலை ஆபத்து” என்று மேலே போடுங்கள். அப்படியான நிலையில் கடிதத்தோடு நிற்கவேண்டாம். அதே நாளில் சட்டத்தரணிக்கும் சொல்லுங்கள்.

விளக்கமறியல் கைதிக்கு இன்னொரு வழியும் உண்டு. விளக்கமறியல் 14 நாள், 14 நாளாகத்தான் நீடிக்கப்படும். அடுத்த தவணை வரை பொறுக்க முடியாவிட்டால் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை முற்கூட்டி அழைப்பிக்கலாம். சட்ட வைத்திய அதிகாரி மூலம் உளநல வைத்திய நிபுணரிடம் காட்டி அறிக்கை பெறும்படி கட்டளை கேட்கலாம். கட்டளையில் அறிக்கை வரவேண்டிய திகதியும் இருக்கும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். திகதி இல்லாத கட்டளை வழக்கேட்டிலேயே படுத்துக்கிடக்கும்.

யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. மாற்றவேண்டுமா, எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பது வைத்தியரின் முடிவு. நெல்சன் மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும், கைதிகளை எப்படி நடத்தவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2015இல் ஏற்றுக்கொண்ட விதிகளில் 27ஆம் விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: மருத்துவ முடிவைச் சிறை அதிகாரிகள் மாற்றவோ புறக்கணிக்கவோ முடியாது. “கூட்டிக்கொண்டு போக ஆளில்லை, வாகனமில்லை” என்று பதில் வந்தால், அதை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

4. வாட்டுக்குள் அவருக்கு இருக்கும் உரிமைகள்

அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் மருந்தும் இலவசம். வெளியில் வாங்கச் சொல்லி ஒரு மருந்து எழுதினால், அது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இல்லையா என்று முதலில் கேளுங்கள்.

வைத்தியரோடு தனியாகப் பேசும் உரிமை அவருக்கு உண்டு. காவலர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கலாம். பேச்சுக் காதில் விழும் தூரத்தில் நிற்கக்கூடாது. இது சின்ன விடயம் இல்லை. அடி வாங்கியிருந்தாலோ, வழக்கைப் பற்றிப் பயம் இருந்தாலோ, காவலர் பக்கத்தில் நிற்கும்போது எவர் வாய் திறப்பார்?

கட்டிலோடு விலங்கு போடுவது பற்றிப் பல குடும்பங்கள் கேட்கவே பயப்படுகின்றன. விலங்கு தப்பிப்போவதைத் தடுக்க, அல்லது தன்னையோ மற்றவரையோ காயப்படுத்துவதைத் தடுக்கத்தான். தண்டனையாகப் போடக்கூடாது. தேவைக்கு மேல் ஒரு நிமிடமும் போட்டு வைக்கவும் கூடாது. காவலரோடு வாக்குவாதப்படாதீர்கள், அவர் மேலிடத்துச் சொல்லைத்தான் செய்கிறார். வாட்டு டொக்டரிடம் போய், விலங்கால் நோய் கூடுகிறது, கையில் காயம் வருகிறது என்று சொல்லி, அதைக் கட்டில் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வைத்தியர் எழுதியது ஒன்று இருந்தால்தான் அத்தியட்சகரிடம் பேச முடியும்.

சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கப்படவேண்டியது முதலில் அவரிடம். உங்களிடம் கையெழுத்துக் கேட்டால் என்ன சிகிச்சை, ஏன், வேறு வழி உண்டா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். ஊரில் கரண்ட் வைப்பது என்று சொல்லும் மின்வலிப்புச் சிகிச்சையைக் கேட்டதும் பதறவேண்டாம். கடும் மனச்சோர்வுக்கு அது பலன் தருவது. ஆனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்யவேண்டும். செய்யுமுன் விளக்கமும் தரவேண்டும்.

பெண் கைதி என்றால் கூடவே பெண் காவலர் இருக்கவேண்டும். இல்லை என்றால் அன்றைக்கே முறையிடுங்கள்.

நீங்கள் போய்ப் பார்க்க, வாட்டு நேரம் மட்டும் போதாது, சிறையின் அனுமதியும் வேண்டும். தேசிய அடையாள அட்டையும், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழோ விவாகச் சான்றிதழோ கையில் இருக்கட்டும். மாறி மாறி நான்கு பேர் போவதைவிட, ஒரே ஆள் தொடர்ந்து போனால் வாட்டில் உள்ளவர்களுக்கும் முகம் பழகும், கதையும் மாறாது.

இந்த நேரத்தில் காணி உறுதி, அற்றோணித் தத்துவம் போன்ற எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்க எவரையும் விடாதீர்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி. விளங்காத நிலையில் வைத்த கையெழுத்து பின்னால் நீதிமன்றத்தில் நிற்காது. அதற்குள் காணி பல கை மாறிப்போயிருக்கும்.

5. அங்கொடைக்கு அனுப்பினால்

நீதிமன்றக் கட்டளையோடு நீண்ட மதிப்பீடு தேவைப்படுபவர்களை கொழும்புக்குக் கிட்டிய அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்துக்கு அனுப்புவார்கள். குற்ற வழக்குச் சம்பந்தப்பட்டவர்களுக்கான தனிப் பிரிவு அங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். செலவும் களைப்பும் இங்கேதான் கூடும். இரவு பஸ்ஸில் போய்க் காலையில் இறங்கி, பார்த்துவிட்டு அன்றிரவே திரும்பினால் தங்கும் செலவு மிஞ்சும். போகுமுன் போன் எடுத்து, அவர் எந்த வாட்டில் இருக்கிறார், அன்றைக்குப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். சில நாள் அவரை வழக்குக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

மாற்றினால் அது குடும்பத்துக்குத் தெரியவேண்டும். மண்டேலா விதிகளின்படி வேறிடத்துக்கு மாற்றப்பட்டதையும் கடும் நோயையும் குடும்பத்துக்கு அறிவிக்கும் உரிமை கைதிக்கு உண்டு. நடைமுறையில் தகவல் பிந்தும். என் தம்பி விடயத்தில், அவர் அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதனால் உங்கள் போன் இலக்கத்தைச் சிறைக் கோப்பிலும் வாட்டிலும் சட்டத்தரணியிடமும் முன்னமே எழுதிக் கொடுத்து வையுங்கள்.

அடுத்தது மொழி. உளநோயைக் கண்டறிவதே பேச்சை வைத்துத்தான். தமிழ் மட்டும் தெரிந்தவரைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு, “பதில் சொல்கிறார் இல்லை, தொடர்பில்லாமல் பேசுகிறார்” என்று எழுதினால் அது அறிக்கையாகி நீதிமன்றம் வரை போகும். தமிழ் பேசும் வைத்தியரோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொரு கைதியையோ காவலரையோ மொழிபெயர்ப்பாளராக வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடவே, நோய் எப்போது தொடங்கியது, என்ன மருந்துக்குச் சுகம் வந்தது, எதற்கு வரவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்கும் உண்டா, குடி அல்லது வேறு பழக்கம் உண்டா என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுங்கள். வைத்தியர்கள் ஆங்கிலத்தில்தான் குறிப்பெழுதுகிறார்கள், அந்தப் பக்கம் நேராகக் கோப்புக்குள் போகும். நாங்கள் செய்தவற்றில் அதிகம் பலன் தந்தது இதுதான்.

6. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வழக்கைக் கைவிடாதீர்கள்

உளநோய் என்று அறிக்கை வந்தால் வழக்கு முடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இங்கே இரண்டு வேறு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, இப்போது வழக்கை விளங்கிக்கொண்டு தன் பக்கத்தைச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பது. இதற்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 374ஆம் பிரிவிலிருந்து பாருங்கள். மற்றது, சம்பவம் நடந்த நேரத்தில் தான் செய்வது என்ன என்று அறியமுடியாத நிலையில் இருந்தாரா என்பது. அது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு. முதலாவதற்கு இல்லை என்று வந்தால் வழக்கு இடையில் நிறுத்தி வைக்கப்படும், முடிந்துவிடாது. இரண்டாவதில் வென்றாலும் அன்றைக்கே வீட்டுக்கு வருவார் என்றில்லை. தடுத்து வைக்கும் கட்டளை வரலாம்.

அதனால் சிறிய குற்றச்சாட்டு என்றால் சட்டத்தரணியோடு இருந்து கணக்குப் பாருங்கள். சில மாதத் தண்டனைக்குரிய வழக்கில் “வழக்கை எதிர்கொள்ளும் தகுதி இல்லை” என்று போய், அதைவிடப் பல மடங்கு காலம் உள்ளே இருக்க நேரலாம். பிணை வழங்கக்கூடிய வழக்கு என்றால், குடும்பம் கவனமாகப் பார்த்துக்கொள்ளும், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யவிடாது, கேட்கும்போது முன்னிலைப்படுத்தும் என்ற உறுதியோடு பிணையில் விட 375ஆம் பிரிவு இடம் தருகிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றச்சாட்டு என்றால் பிணை மேல் நீதிமன்றத்தில்தான் கேட்கவேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கும் போதைப்பொருள் வழக்குகளுக்கும் தனி விதிகள் உண்டு. அவற்றை அந்த வழக்குகள் பழகிய சட்டத்தரணியிடமே கேளுங்கள்.

பிணையாளிக்கு வேண்டியவை: தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றும் அதில் பிரதேச செயலாளரின் ஒப்பமும், வருமானச் சான்று. ஜி.எஸ். கந்தோரில் இல்லாத நாளும் உண்டு. ஆகையால் தவணைக்கு ஒரு வாரம் முன்னமே எடுத்து வையுங்கள். நோயாளியை வீட்டில் வைத்துப் பார்க்கப்போவது யார், எந்தக் கிளினிக்கில் காட்டப்போகிறீர்கள் என்று ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் நீதவானுக்கு நம்பிக்கை வரும்.

ஒவ்வொரு தவணைக்கும் யாராவது போங்கள். “ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கொண்டுவரவில்லை” என்று சொல்லித் தவணை தள்ளிப்போனால், அறிக்கை எங்கே என்று சட்டத்தரணி கேட்கவேண்டும். சுகமாகிவிட்டது, வழக்கைச் சந்திக்கலாம் என்று வைத்தியர் எழுதிய பிறகும், அந்தத் தாள் நீதிமன்றத்துக்கு வந்ததை எவரும் கவனிக்காமல் மாதக் கணக்கில் இருப்பவர்கள் உண்டு. பதிவாளர் அலுவலகத்தில் வழக்கேட்டைப் பார்த்து, அறிக்கை வந்துவிட்டதா என்று உறுதிசெய்யுங்கள். வந்திருந்தால் மறுபடியும் நகர்த்தல் பத்திரம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசைத் தவணைக்கு இவ்வளவு என்றா, முழு வழக்குக்குமா என்று முதலிலேயே பேசுங்கள். இப்படியான வழக்குகளில் தவணைகள் கூட. கையில் காசில்லை என்றால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், வருமானச் சான்று தேவை.

7. உரிமை மறுக்கப்பட்டால்

காலக்கெடுதான் இங்கே முக்கியம். அடிப்படை உரிமை மீறல் மனுவைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும். அது கொழும்பு புதுக்கடையில். உடனே போக முடியாதவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். ஆணைக்குழு விசாரிக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். ஆணைக்குழுவினர் சிறைக்கும் வாட்டுக்கும் நேரில் போய்ப் பார்க்கலாம். அவசர இலக்கம் 1996.

என்ன நடக்கிறது என்றே தெரியாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். சாதாரண கோரிக்கைக்கு 14 வேலை நாட்களில் முடிவு சொல்லவேண்டும். விண்ணப்பிப்பவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணித்தியாலம். அந்தக் காரணத்தை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மருத்துவக் குறிப்புகள் வேண்டுமானால் நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் அதை வாங்கி வையுங்கள்.

8. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது

சிறைக்குத் திரும்பினால் டிஸ்சார்ஜ் துண்டு அவரோடு போகிறதா என்று பாருங்கள், ஒரு பிரதி நீங்களும் கேளுங்கள். முதல் வாரத்துக்குள் போய், மருந்து தொடர்ந்து கிடைக்கிறதா, தனியறையில் போட்டிருக்கிறார்களா என்று அவரிடமே விசாரியுங்கள். தனியறையால் நோய் கூடுமானால் அவரை அப்படி வைத்திருக்கக்கூடாது என்று மண்டேலா விதிகளின் 45ஆம் விதி சொல்கிறது.

வீட்டுக்கு வந்தால் வீட்டுக்குக் கிட்டிய உளநலக் கிளினிக்கில் அந்த வாரமே பதியுங்கள். இரவில் நிலைமை கைமீறினால் 1926இல் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக 1990 அம்புலன்ஸ். பிணை நிபந்தனைப்படி பொலிஸில் கையெழுத்து வைக்கும் நாளும் ஊசி போடும் நாளும் ஒன்றாக வந்தால், சட்டத்தரணி மூலம் நாளை மாற்றிக் கேளுங்கள். மாற்றம் கிடைக்கும்வரை காலையில் பொலிஸுக்குப் போய்க் கையெழுத்தை வைத்துவிட்டு, அங்கிருந்து நேரே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.